ஒட்டுத் தெரியாத பின்னணி: கோத்தகிரிக் கல்சுவரிலிருந்து வலைப்பக்கம் வரை

கட்டம் போட்ட சட்டை தைக்கக் கொடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நல்ல டெய்லர் பாக்கெட்டுக்குத் துணி வெட்டும்போதே, பாக்கெட்டில் வரும் கட்டமும் சட்டையில் இருக்கும் கட்டமும் கோடு பிசகாமல் சேருமா என்று பார்த்து வெட்டுவார். அவசரக்காரர் வெட்டினால் நெஞ்சில் ஒரு துண்டு தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வலைப்பக்கத்தின் பின்னணியும் இதே கதைதான். ஒரு சின்னச் சதுரப் படத்தைக் கொடுத்தால் பிரவுசர் அதை இடம், வலம், மேல், கீழ் என்று பக்கம் நிறையும்வரை அடுக்கிக்கொண்டே போகும். அந்தச் சதுரத்துக்கு டைல் என்று பெயர். 1995-இல் நெட்ஸ்கேப் 1.1 வந்ததிலிருந்து இந்த வேலை நடக்கிறது. மோடம் காலத்தில் பெரிய படம் இறங்கவே நேரமாகும் என்பதால் சின்னதாக ஒன்றைக் கொடுத்துத் திரும்பத் திரும்ப ஒட்டவிட்டார்கள். இன்றைக்கும் காரணம் கிட்டத்தட்ட அதுதான், எங்கள் மலையில் சிக்னல் இருக்கும் இலட்சணத்துக்கு ரொம்பவே பொருந்தும்.

நான் கோத்தகிரியில் இருந்துகொண்டு ஹோம்ஸ்டே, பேக்கரி, நாற்றுப்பண்ணை என்று சின்னச் சின்னத் தொழில்களுக்கு வெப்சைட் செய்து தருகிறேன். முதன்முதலில் செய்த டைல் ஒரு ஹோம்ஸ்டேக்கு. வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கல்சுவரைப் படம் எடுத்து, இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டே தெரியாமல் சரிசெய்து, பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த அண்ணன் போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க தம்பி இது, பக்கம் பூரா காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்குது?" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. கல்லில் ஒரு வெள்ளை வட்டம், சமையலில் போடுகிற கல்பாசிக்குச் சொந்தக்காரன் மாதிரி ஏதோ ஒன்று, எட்டணாக் காசு அளவுக்கு ஒட்டியிருந்தது. டைலில் ஒரே ஒரு வட்டம்தான், ஆனால் டைல் திரும்பத் திரும்ப வரும்போது அதுவும் சம இடைவெளியில், வரிசை பிசகாமல், பக்கம் முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது. ஒட்டு எங்கேயும் இல்லை, எச்சம் எங்கேயும் இருந்தது.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒட்டை மறைப்பது பாதி வேலை, அதிலும் சுலபமான பாதி. கண்ணில் நிற்கிற அடையாளம் எதுவும் டைலுக்குள் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் மீதி. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை முதல் பாதியோடு கடையை மூடிவிடுகின்றன.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். படத்தைத் திருத்த ஜிம்ப், கோடு போட்டு வரைய இங்க்ஸ்கேப், இரண்டும் இலவசம். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம், முறை ஒன்றுதான். படம் எடுக்கக் கையில் இருக்கும் போன் போதும்.

படம் எடுப்பது

புதிதாக வருகிறவர்கள் அழகான காட்சியைத் தேடிப் போகிறார்கள். தேயிலைத் தோட்டச் சரிவை எதிர்மலையில் நின்று எடுத்து அதை டைல் ஆக்க முடியுமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. முடியாது. கிட்டத்தில் இருக்கும் செடி பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் விழுந்திருக்கும், மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஜென்மத்துக்கும் சேராது. நமக்கு வேண்டியது தட்டையாக, ஒரே தூரத்தில், எல்லா இடமும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும் பரப்பு. இலை அள்ளும் சாக்கு, தகரக் கூரை, துருப்பிடித்த கேட், சிமெண்டு பூசிய சுவர், பட்டை உரிந்த கற்பூர மரம் (யூகலிப்டஸ்), இவைதான் நல்ல சரக்கு. ஒரு எச்சரிக்கை: கற்பூர மரத்தின் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும், அந்த நீளக் கோடுகள் மேலிருந்து கீழ் ஒட்டும்போது தொல்லை கொடுக்கும். முதல் முயற்சிக்குச் சாக்கு போதும். அதன் நெசவே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும்.

வெளிச்சத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். சமவெளியில் இருப்பவர்கள் நிழல் விழாத நேரம் தேடி அலைய வேண்டும், இங்கே மேகம் இறங்கினால் போதும், வானம் முழுக்க ஒரு வெள்ளைத் துணி கட்டியது போல வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும். வெயிலில் எடுத்தால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் நிழல், படத்தின் ஒரு மூலை பளிச், எதிர் மூலை இருட்டு, அப்புறம் ஜிம்பில் உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டியதுதான். என்ன, குளிரில் சில்லிட்ட போனை ஸ்வெட்டர் பாக்கெட்டின் சூட்டில் போட்டு எடுத்தால் லென்ஸில் ஆவி படியும், ஒரு நிமிடம் விட்டுத் துடைத்துவிட்டு எடுங்கள். நான் இதை மறந்து ஒரு காலை முழுக்க எடுத்த படங்கள் அத்தனையும் மங்கல்.

போனைச் சுவருக்கு நேர் எதிராக, சாயாமல் பிடிக்க வேண்டும். ரொம்ப நெருங்காதீர்கள், போன் லென்ஸ் ஓரங்களை வளைத்துக் காட்டும், மூலைகளும் கொஞ்சம் இருட்டும். இரண்டடி தள்ளி நின்று எடுத்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் வெட்டிக்கொள்வது நல்லது. திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும், அதையும் செய்யுங்கள். ஒரே பரப்பை நாலைந்து இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு ஒட்டுப்போட வேறு துண்டு கையில் இருக்கும்.

வெளிச்சத்தைச் சமன் செய்வது

படத்தை ஜிம்பில் திறந்து நடுவிலிருந்து 1024-க்கு 1024 பிக்சல் சதுரம் ஒன்றை வெட்டுங்கள். எவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தாலும் ஒரு பக்கம் சற்று வெளுப்பாகத்தான் இருக்கும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் டைலை அடுக்கினால் வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு, கறுப்பு என்று சதுரங்கப் பலகை போலப் பல்லிளிக்கும். ஒட்டு என்று பலர் நினைப்பது பெரும்பாலும் ஓரத்தின் கோளாறே இல்லை, இந்த வெளிச்சக் கோளாறுதான்.

ஃபில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ், அதற்குள் ஹை பாஸ் என்று ஒன்று இருக்கிறது. இது படத்தில் மெதுவாக மாறுகிற வெளிச்சத்தை எல்லாம் சாம்பலாக்கிவிட்டு, சொரசொரப்பை மட்டும் விட்டுவைக்கும். அதில் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (Std. Dev.) என்று உள்ள எண்ணைக் கூட்டினால் பெரிய மேடு பள்ளங்களும் தங்கும், குறைத்தால் வெறும் பொடிமணல் மாதிரி ஆகும். 1024 பிக்சல் படத்துக்கு நான் 60, 80 என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். பிறகு நிறத்தையும் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்கிவிடுவேன். நிறம் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம், அதை நாம் பக்கத்திலேயே சிஎஸ்எஸ் (பக்கத்தின் நிறம், அளவு, அமைப்பை பிரவுசருக்குச் சொல்லும் மொழி) வழியாகக் கொடுக்கப்போகிறோம். இதில் ஒரு சௌகரியம், ஒரே சாம்பல் டைலை வைத்து ஹோம்ஸ்டேக்குப் பச்சை, பேக்கரிக்கு ரஸ்க் நிறம் என்று ஓட்டிவிடலாம்.

ஒட்டை நடுவுக்கு இழுப்பது

டைலின் ஓரங்கள்தான் ஒன்றோடொன்று சேர வேண்டும், ஆனால் ஓரத்தில் இருக்கும்போது அவை சேர்கின்றனவா இல்லையா என்று நமக்குத் தெரியாது. அதனால் ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். லேயர் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், அதற்குள் ஆஃப்செட். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். அகலத்திலும் உயரத்திலும் பாதி, அதாவது 512, 512 கொடுத்து, ஓரத்துக்கு ராப் அரவுண்ட் (Wrap around) என்பதைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் வெளியே போனது இடப்பக்கம் உள்ளே வரும், கீழே போனது மேலே வரும். இப்போது படத்தின் நடுவில் கூட்டல் குறி போல ஒரு வெட்டு தெரியும். அதுதான் ஒட்டு.

ஹீல் கருவியை எடுத்துக்கொண்டு, நல்ல இடத்தில் கண்ட்ரோலை அழுத்திக் கிளிக் செய்து மூலம் எடுத்து, வெட்டின் மேல் மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். கல், மரம் போன்றவற்றுக்கு ஹீல் நன்றாக வேலை செய்யும். செங்கல், நெசவு என்று ஒழுங்கான வரிகள் இருந்தால் குளோன் கருவிதான் சரி, ஹீல் வரிகளைக் குழப்பிவிடும். ஒரே நேர்கோட்டில் தடவாதீர்கள். கல் எங்கே வளைகிறதோ அங்கே நீங்களும் வளைந்து போங்கள், பக்கத்துக் கல்லின் விளிம்பை ஒட்டியே முடியுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கூட்டல் குறியின் நான்கு முனைகளும் படத்தின் விளிம்பைத் தொடும், அங்கேயும் தடவினால் விளிம்பு கெட்டுப் புதிதாக ஒரு ஒட்டு முளைத்துவிடும். அதனால் முனைகளுக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிட்டு இன்னொரு முறை ஆஃப்செட் செய்யுங்கள். இந்த முறை பாதி வேண்டாம், பாதி கொடுத்தால் படம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். 200, 300 என்று ஏதாவது கொடுங்கள். மிச்சமிருந்த முனைகள் உள்ளே வந்துவிடும், அவற்றையும் தடவி முடிக்கலாம்.

இதையெல்லாம் தானாகவே செய்ய ஃபில்டர்ஸ், மேப், டைல் சீம்லெஸ் என்று ஒன்று ஜிம்பிலேயே உண்டு. ஒரே சொடுக்கில் முடித்துவிடும், ஆனால் படத்தின் மேல் அதே படத்தை மங்கலாகப் போர்த்தித்தான் முடிக்கும், பனிமூட்டத்தில் இரண்டு சுவர் ஒன்றின்மேல் ஒன்று தெரிவது போல இருக்கும். புல், மணல் மாதிரிப் பொடியான பரப்புக்கு ஓடும். கல்லுக்கும் சாக்குக்கும் ஆகாது.

காக்கா எச்சச் சோதனை

ஃபில்டர்ஸ், மேப், டைல் என்பதைக் கொண்டு உங்கள் டைலை நாலுக்கு நாலாக அடுக்கி ஒரு பெரிய படம் செய்யுங்கள். அதைத் திரையில் சிறிதாக்கி, நாற்காலியைப் பின்னால் தள்ளி, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எது முதலில் கண்ணில் படுகிறதோ, எது வரிசையாக நிற்கிறதோ, அதுதான் எச்சம். வெள்ளை வட்டமாக இருக்கலாம், மற்றவற்றைவிடக் கறுப்பான ஒரு கல்லாக இருக்கலாம், வித்தியாசமாக வளைந்த ஒரே ஒரு விரிசலாகவும் இருக்கலாம். டைலுக்குத் திரும்பிப் போய் அதை ஹீல் செய்து அழியுங்கள். மறுபடி அடுக்கிப் பாருங்கள், இப்போது வேறொன்று தலைதூக்கும், முன்பு முதல் எச்சத்தின் நிழலில் ஒளிந்திருந்தது. அதையும் அழியுங்கள். இப்படி ஐந்தாறு முறையாவது போகும். என் ஹோம்ஸ்டே சுவருக்கு ஒன்பது முறை போனது.

எல்லாவற்றையும் அழித்துக்கொண்டே போனால் கல்சுவர் கல்சுவராக இருக்காதே என்று தோன்றும், உண்மைதான். அதற்கு இரண்டு வழி. ஒன்று, அடையாளம் ஒன்று இருந்தால்தானே தெரியும், அதே மாதிரி ஏழெட்டை டைலுக்குள் ஆங்காங்கே சிதறவிட்டால் எதுவும் தனியாக நிற்காது. அந்த வெள்ளை வட்டத்தை நான் கடைசியில் அழிக்கவில்லை, சின்னதும் பெரியதுமாகத் திருப்பிப் போட்டு ஒன்பதாக்கினேன்.

இன்னொரு வழி இரண்டு டைல்களை ஒன்றின்மேல் ஒன்று போடுவது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும், 2006, 2018 என்று. பக்கத்தில் 7 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே ஆண்டில் பூத்தால், மறுபடி சேர்ந்து பூக்க 84 ஆண்டு ஆகும். பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்குதான். 300 பிக்சல் டைலையும் 400 பிக்சல் டைலையும் சேர்த்துப் போட்டால் 1200 பிக்சலில் அதே காட்சி திரும்பிவிடும், ஒரு லேப்டாப் திரைகூடத் தாண்டாது. 307, 401 என்று பகா எண்களாக வைத்தால் 1,23,107 பிக்சலுக்கு அப்பால்தான் திரும்பும். சிஎஸ்எஸ்ஸில் பின்னணிக்கு இரண்டு படங்களைக் கமா போட்டு அடுத்தடுத்துக் கொடுக்கலாம், முதலில் எழுதியது மேலே நிற்கும். மேலே நிற்பது மட்டும் ஊடுருவித் தெரியும் பிஎன்ஜியாக இருக்க வேண்டும்.

வரைந்து செய்வது

புகைப்படம் வேண்டாம், பூ, புள்ளி, கோடு போதும் என்றால் இங்க்ஸ்கேப் போதும். விதி ஒன்றுதான்: ஓரத்தைத் தாண்டி எது வெளியே போகிறதோ அது எதிர் ஓரத்தில் உள்ளே வர வேண்டும். 240 பிக்சல் சதுரத்தில் ஒரு பூவின் பாதி வலது ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதை நகலெடுத்துச் சரியாக 240 பிக்சல் இடப்பக்கம் நகர்த்துங்கள். மூலையில் பூ விழுந்தால் நான்கு மூலைக்கும் நான்கு நகல். கையால் இழுக்காதீர்கள், எண்ணைத் தட்டச்சு செய்து நகர்த்துங்கள், அரை பிக்சல் பிசகினாலும் கோடு தெரியும்.

இடைவெளியும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும். ஒரு பட்டை முடிந்து அடுத்த பட்டை தொடங்கும் இடத்திலும் பல்லுக்குப் பல் அதே இடைவெளி இருந்தால்தான் இன்ஜினின் பற்சக்கரம் அடுத்த பல்லில் போய் உட்காரும். டைலிலும் கடைசிப் பூவிலிருந்து ஓரம் வரை உள்ள இடம், ஓரத்திலிருந்து முதல் பூ வரை உள்ள இடம், இரண்டையும் கூட்டினால் உள்ளே இருக்கும் பூக்களின் இடைவெளி வர வேண்டும். இரண்டு பக்கமும் முழு இடைவெளி விட்டுவிட்டு ஏன் அங்கே மட்டும் சந்து தெரிகிறது என்று கேட்பவர்கள் நிறைய.

நேர்வரிசை அலுத்துவிட்டால் நடுவில் ஒரு பூ, நான்கு மூலையிலும் கால் கால் பூ என்று வையுங்கள். அடுக்கினால் ஊடுபுள்ளிக் கோலம் மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி வரும், சதுரம் கண்ணுக்குத் தெரியாது.

தோடர் எம்பிராய்டரியைப் படம் எடுத்து டைல் ஆக்கலாமா என்ற கேள்வி இங்கே அடிக்கடி வரும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும், முன்கூட்டிக் கோடு வரையாமல் இழையை எண்ணி எண்ணிப் போடும் வேலை, 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. என் கட்சி, வேண்டாம் என்பதுதான். அவர்களுடைய கைவேலையை ஒரு லாட்ஜின் வெப்சைட்டுக்குச் சுவர்க் காகிதம் ஆக்குவது எனக்கு உவப்பாக இல்லை. இழை எண்ணும் அந்தப் பழக்கத்தை வேண்டுமானால் கற்றுக்கொள்ளலாம், கட்டத்தாளில் எண்ணி உங்கள் சொந்த வடிவத்தைப் போடுங்கள்.

பக்கத்தில் போடுவது

வரைந்த பேட்டர்னை எஸ்விஜியாகவே (கோடுகளைக் கோடுகளாகவே சேமிக்கும் கோப்பு) வையுங்கள், சில கேபிதான் வரும். புகைப்பட டைலுக்கு வெப்பி (WebP) அல்லது ஜேபெக் (JPEG). ஜேபெக் படத்தை 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும், நிறத்தைச் சில சமயம் 16 பிக்சல் கட்டமாக. அதனால் டைலின் அளவு 16-ஆல் வகுபட்டால் நல்லது, 512, 768, 1024 எல்லாம் சரி. ரொம்பச் சுருக்கினால் அழகாக மறைத்த ஒட்டு மறுபடி எட்டிப் பார்க்கும், ஆகவே சேமித்த கோப்பைத் திறந்து இன்னொரு முறை அடுக்கிப் பார்த்துவிடுங்கள்.

1024-இல் செய்த டைலைப் பேக்கிரவுண்ட்-சைஸ் 512 பிக்சல் என்று கொடுத்தால் புதிய போன் திரைகளில் கூர்மையாகத் தெரியும். சதவீதத்தில் கொடுக்காதீர்கள், பின்னத்தில் அளவு வந்து டைல்களுக்கு நடுவே மயிரிழைக் கோடு விழும்.

நிறத்துக்குப் பேக்கிரவுண்ட்-கலரில் வேண்டியதைக் கொடுத்து, பேக்கிரவுண்ட்-பிளெண்ட்-மோடு என்பதை சாஃப்ட்-லைட் என்று வையுங்கள். நாம் செய்த சாம்பல் டைலுக்கு இது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும், டைலின் நடுச்சாம்பல் நாம் கொடுத்த நிறத்தை மாற்றாமல் விட்டுவிடும், சொரசொரப்பு மட்டும் மேலே ஏறும். தூய வெள்ளை மேல் சாஃப்ட்-லைட் ஒன்றும் செய்யாது. ஒரு மணிநேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் எனக்கு அது புரிந்தது. வெள்ளைதான் வேண்டும் என்றால் டைலை வெளுப்பாக்கி மல்டிப்ளை வையுங்கள்.

டைல் எவ்வளவு அழுத்தமாக இருக்கலாம்? நீங்கள் நினைப்பதில் பாதி, அதிலும் பாதி. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு இருக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி (வலைப்பக்கம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான வழிகாட்டி) விதி, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. அளக்கும்போது டைலின் சராசரி நிறத்தை எடுக்காதீர்கள், கறுப்பு எழுத்தென்றால் டைலில் எது ரொம்ப இருட்டோ அந்தப் புள்ளியை எடுத்து அளங்கள். தமிழுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு, மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைக்கிறோம், பின்னணியோ பொடிமணல். புள்ளி எது, மணல் எது என்று போனில் பார்ப்பவருக்குத் தெரியாது. ஹோம்ஸ்டே பக்கத்தில் "தங்கும் அறை" என்று நான் எழுதியது ஒரு வாடிக்கையாளருக்குத் "தஙகும" என்று தெரிந்ததாம். அதிலிருந்து, பத்தி வரும் இடத்தில் வெறும் நிறம், ஓரங்களிலும் தலைப்புப் பட்டையிலும் மட்டும் டைல் என்று வைத்துக்கொண்டேன்.

கடைசிச் சோதனையை வீட்டு வைஃபையில் செய்யாதீர்கள். நான் பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில் ஏறி, வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் பக்கத்தைத் திறப்பேன். முதலில் வெறும் நிறம் வரும், எழுத்து வரும், டைல் கொஞ்சம் கழித்துத்தான் வந்து சேரும். டைலின் சாம்பல் சரியாக அமைந்திருந்தால் டைல் வந்த கணம் கண்ணுக்கே தெரியாது. திடுக்கென்று பக்கம் நிறம் மாறினால், மலை ஏறியதும் டைலின் சராசரி வெளிச்சத்தைத் திருத்திவிடுவேன், சாஃப்ட்-லைட் என்றால் நடுச்சாம்பலுக்கு நெருக்கமாக, மல்டிப்ளை என்றால் வெள்ளைக்கு நெருக்கமாக.